கொடுமுடிக் கோகிலம்: கே. பி. சுந்தராம்பாளின் மேடை வாழ்வு

முத்தமிழ் என்று கூறுங்கால், இயலும் இசையும் பெற்றுள்ள வரலாற்று ஆராய்ச்சியை நாடகம் பெறவில்லை என்பதை எவரும் ஒப்புவர். ஏடும் கல்வெட்டும் இயலுக்குச் சான்றாக நின்றன. பண்ணும் பதிகமும் இசைக்குச் சான்றாக நின்றன. இரவெல்லாம் நடந்து விடிந்ததும் கலைந்துபோன நாடகத்துக்கோ நடித்தவர்களின் வாழ்க்கையே பெருஞ்சான்று. ஆதலின் ஒரு நடிகையின் வாழ்க்கையை ஆராய்வது நாடகத் தமிழின் வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதாகும்.

அவ்வகையில் முதலில் எண்ணத்தக்கவர் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். கே. பி. எஸ். என்ற மூன்றெழுத்தால் தமிழுலகம் அவரை அறியும். இன்று அவர் பெயரைச் சொன்னவுடன் மக்கள் நினைவுக்கு வருவன இரண்டு செய்திகள். எஸ். ஜி. கிட்டப்பாவைக் காதலித்து மணந்தார் என்பது ஒன்று. அவர் மறைந்தபின் வெண்ணிற ஆடை உடுத்துத் துறவி போல் வாழ்ந்தார் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விரண்டையும் மட்டும் சொல்லி முடிப்பது அளவில் பிழைபட்ட வரலாறாகும். கிட்டப்பாவை அவர் சந்தித்தது 1926இல். கிட்டப்பா மறைந்தது 1933இல். இடைப்பட்டவை ஏழே ஆண்டுகள். சுந்தராம்பாளின் கலை வாழ்வோ பத்து வயது நிரம்புமுன் தொடங்கி 1970களை எட்டியது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பை ஏழாண்டுக் கதை மறைத்து நிற்கிறது. அத்திரையை விலக்கிப் பார்ப்பின், தன் குரலை நம்பித் தன் வழியைத் தானே வகுத்துக்கொண்ட ஒரு பெண்மணியைக் காணலாம்.

காவிரிக் கரைச் சிறுமி

ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே, காவிரிக் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடிய பாண்டிக்கொடுமுடி என்னும் பாடல்பெற்ற தலம் இதுவே. இங்கே 1908ஆம் ஆண்டில் சுந்தராம்பாள் பிறந்தார். குடும்பத்தில் வறுமை நிலையாகக் குடியிருந்தது. தாயார் பாலாம்பாள் மக்களை வளர்க்கப் பெரும்பாடு பட்டார். பள்ளிக்கூடத்து வாயிலைவிடப் புகைவண்டி நிலையமே அச்சிறுமிக்கு நன்கு தெரிந்த இடமாயிற்று. ஈரோட்டிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதை கொடுமுடி வழியே செல்கிறது. அவ்வண்டிகளில் ஏறிப் பயணிகள் நடுவே பாடி, அவர்கள் இடும் காசைக் கொண்டு வீட்டுக்கு உதவிய சிறுமி என்றே அவர் வரலாறு தொடங்குகிறது.

புகைவண்டிப் பெட்டி ஒரு கடினமான பள்ளிக்கூடம். சக்கரத்தின் ஓசைக்கு மேலே குரல் எழவேண்டும். பேசிக்கொண்டிருப்பவர் வாய்மூடித் திரும்பிப் பார்க்கவேண்டும். அடுத்த நிலையம் வருவதற்குள் பாட்டு முடிந்து, கேட்டவர் மனம் இளகியிருக்கவேண்டும். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஒலிபெருக்கி இன்றிப் பாடிய குரலுக்கு முதற்பயிற்சி இங்கேதான் வாய்த்தது எனல் பொருந்தும்.

அக்குரலைக் கேட்டு அச்சிறுமியின் திறனை உணர்ந்தவர் எஃப். ஜி. நடேச ஐயர் என்பது பரவலாக வழங்கும் செய்தி. அவர் தென்னிந்திய இருப்புப்பாதையில் அலுவலர்; திருச்சிராப்பள்ளி ரசிக ரஞ்சன சபையின் முன்னோடி; தாமே நடிகருமாவார். கொடுமுடியில் இருந்த காவல்துறை அலுவலர் ஒருவரே சிறுமியை நாடகக் குழுவுக்கு அனுப்பினார் எனக் கூறுவாரும் உளர். எவ்வாறாயினும் அவர் சென்று சேர்ந்த இடம் வேலு நாயர் நாடகக் குழு என்பதில் இருவழிச் செய்தியும் ஒன்றுபடுகின்றன.

பசியை நடித்த பசித்த பிள்ளை

அவர் முதன்முதலாக ஏற்ற வேடம் ‘நல்லதங்காள்’ நாடகத்தில் ஓர் ஆண்பிள்ளை வேடம். நல்லதங்காள் கதையைத் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பஞ்சத்தால் வாடிய தாயொருத்தி ஏழு பிள்ளைகளுடன் அண்ணன் வீடு தேடி வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி சோறிட மறுக்கிறாள். தாய் தன் மக்களைக் கிணற்றில் தள்ளித் தானும் மாய்கிறாள். அந்நாடகத்தில் பசியால் அழும் மூத்த பிள்ளையாகச் சுந்தராம்பாள் மேடையேறினார். பசி என்பதை நாடக ஆசிரியர் அப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை இருந்திராது. கேட்டோர் கண் கலங்கினர். குழுவில் அவர் இடம் உறுதியாயிற்று.

சிறு பருவத்திலேயே மேடையேறுவது அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. தமிழ் நாடக மேடையே அன்று பிள்ளைகளின் தோளில் நின்றது. தவத்திரு சங்கரதாச சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்த டி. கே. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. கிட்டப்பாவும் சிறு பிள்ளையாகவே செங்கோட்டையிலிருந்து மேடைக்கு வந்தவர். பெரிய நடிகர்களைக் கட்டி மேய்ப்பது அரிதாயிருந்தமையாலும், பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தல் எளிதாயிருந்தமையாலும் பாய்ஸ் கம்பெனி என்னும் முறை நாடெங்கும் பரவிற்று. பெற்றோர் பிள்ளையை ஒப்படைத்துவிட்டால் உணவும் உடையும் பாடமும் குழுவின் பொறுப்பு. தண்டனையும் அவ்வாறே.

ஆயினும் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. ஆண்பிள்ளைக்குக் குரல் உடையும் பருவம் வந்ததும் வேடம் போயிற்று. மீண்டும் குரல் திரும்பினால் உண்டு, இல்லையேல் இல்லை. பெண்பிள்ளைக்கு அந்த இடர் இல்லை. ஆனால் வயது வந்த பெண் ஆடவருடன் மேடையில் நிற்பதை அன்றைய சமூகம் இழிவாகக் கருதிற்று. நடிகை என்றால் குடும்பத்துக்குப் புறம்பானவள் என்பது பொதுவழக்கு. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட குழுவை நடத்திப் புகழ் பெற்றிருந்தபோதிலும் அவ்விழிவுரை ஓயவில்லை. ஆகவே மேடைக்கு வந்த சிறுமிக்குக் கலை ஒரு வாயிலைத் திறந்தது. ஊரார் மதிப்பு மற்றொரு வாயிலை அடைத்தது. சுந்தராம்பாளின் பிற்கால முடிவுகளை விளங்கிக்கொள்ள இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஸ்பெஷல் நாடகமும் குரலின் ஆட்சியும்

வேலு நாயர் குழுவில் பயின்ற சுந்தராம்பாள் வளர வளர ஆண் வேடம், பெண் வேடம் இரண்டிலும் தேர்ச்சி பெற்றார். அரசன் முதலிய தலைமை ஆண் வேடத்துக்கு ராஜபார்ட் என்றும், தலைவி வேடத்துக்கு ஸ்திரீபார்ட் என்றும் அந்நாளில் பெயர். இரண்டையும் ஏற்கவல்ல நடிகையர் சிலரே. அச்சிலருள் இவர் முன்னின்றார்.

அப்போது ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை ஓங்கியிருந்தது. ஒரு குழுவாகச் சேர்ந்து வாழாமல், ஓர் இரவு நாடகத்துக்கெனத் தனித்தனியே பேசி அழைக்கப்பட்ட நடிகர்கள் கூடி நடிப்பதே அம்முறை. மதுரையிலிருந்து ஒருவர் வருவார்; கரூரிலிருந்து ஒருவர் வருவார்; ஒத்திகை என்பது இல்லை. சங்கரதாச சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ முதலிய நாடகங்கள் அனைவருக்கும் மனப்பாடம் ஆதலால் இவ்வாறு நடத்துதல் இயன்றது. பாட்டும் வசனமும் சுவாமிகளுடையவை. இடையிடையே எழும் தர்க்கமோ நடிகரின் நாவன்மையைப் பொறுத்தது. எதிர் நடிகர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியை வீசுவார் என்பது மேடையில்தான் தெரியவரும். இம்முறை ஒரு தேர்வுக்கூடத்தை ஒத்தது. தோற்றவரை மறு ஊரில் அழைக்கமாட்டார்கள்.

இரவு ஒன்பது மணிக்குமேல் தொடங்கும் நாடகம் விடியற்காலை வரை நிகழும். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் உழவனும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டாகவேண்டும். ஒலிபெருக்கி வராத காலம் அது. ஆகவே அன்றைய மேடையில் குரலே அரசு செலுத்திற்று. நடிகருக்குக் கட்டையான குரல் வேண்டும் என்பர். ஆர்மோனியத்தின் கட்டைகளில் எதைச் சுருதியாகக் கொண்டு பாடுகிறார் என்பதே ஒருவரின் ஆற்றலுக்கு அளவுகோல். ஓங்கிய சுருதியில் நின்று, எழுத்துச் சிதையாமல், பொருள் விளங்கப் பாடுவதில் சுந்தராம்பாளுக்கு நிகர் அரிது. அவர் பாட்டில் லகரம் வேறு, ளகரம் வேறு, ழகரம் வேறாகத் தெளிவாகக் கேட்கும். தமிழாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டாகக் கூறத்தக்க உச்சரிப்பு அது. எழுதப் படிக்க அறியாத பெருங்கூட்டத்துக்கு நாடக மேடையே தமிழ்ப் பள்ளியாக இருந்த காலத்தில் இத்தெளிவு சிறு தொண்டன்று.

கொழும்பில் ஒரு சந்திப்பு

தமிழ் நாடகக் குழுக்கள் அந்நாளில் கடல் கடந்தும் சென்றன. இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வாழ்ந்த தமிழர்கள் தாயகத்துப் பாட்டைக் கேட்கக் காத்திருந்தனர். சுந்தராம்பாள் சிறுமியாக இருந்தபோதே இலங்கைக்குச் சென்று நடித்துப் புகழ் பெற்றிருந்தார். மீண்டும் 1926இல் கொழும்பு மேடையில் அவர் தோன்றியபோது, எதிர்நின்று நடிக்க அழைக்கப்பட்டவர் எஸ். ஜி. கிட்டப்பா.

கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ முதலிய நாடகங்களால் நாடறிந்தவர். அவருடைய குரல் எட்டும் உயரத்தைக் கண்டு சங்கீத வித்துவான்களும் வியந்தனர். அவரோடு பாடினால் சுந்தராம்பாளின் புகழ் மங்கும் என்று இவரிடமும், இவரோடு பாடினால் கிட்டப்பாவின் புகழ் மங்கும் என்று அவரிடமும் சிலர் எச்சரித்தனராம். ‘வள்ளி திருமணம்’ நிகழ்ந்தது. இருவர் புகழும் ஓங்கிற்று. அடுத்த ஆண்டு, 1927இல், இருவரும் மணந்துகொண்டனர். பின்னர்த் தமிழ்நாட்டு ஊர்தோறும் அவர்கள் இணைந்து நடித்த நாடகங்களுக்குத் திரண்ட கூட்டம் அதற்குமுன் காணாதது.

இம்மணவாழ்வை இன்பக் கதையாக மட்டும் எழுதுவோர் உளர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். பிரிவும் பிணக்கும் இடையிடையே நேர்ந்தன. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சாகியுள்ளன. அவற்றில் அன்பு உண்டு. ஏங்கி எழுதிய குறையும் உண்டு. புறக்கணிக்கப்பட்டவரின் தன்மான உணர்வும் உண்டு. மேடையில் ஆயிரவரை ஆண்ட குரல் வீட்டில் ஒருவரின் மறுமொழிக்குக் காத்திருந்தது என்பதை அக்கடிதங்கள் காட்டுகின்றன. கதையின் இனிமைக்காக அக்குறையை மறைத்தல் அப்பெண்மணிக்குச் செய்யும் நன்றியாகாது.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

வெண்ணிற ஆடை

அதன்பின் சுந்தராம்பாள் அணிகலன்களை நீக்கினார். வெண்ணிற ஆடை உடுத்தார். நெற்றியில் திருநீறு துலங்கக் கொடுமுடியில் ஒதுங்கி வாழ்ந்தார். இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இருபத்தைந்து வயதில், புகழின் உச்சியில், ஒரு நடிகை இவ்வுறுதியை மேற்கொண்டால் கலை வாழ்வு அத்துடன் முடிந்தது என்றே உலகம் எண்ணும். காதற் பாட்டும் இணை நடிப்புமே நடிகைக்கு முதல் என்று கருதப்பட்ட காலம் அது.

நிகழ்ந்ததோ வேறு. அவர் கலை வாழ்வின் பெரும்பகுதி இவ்வுறுதிக்குப் பின்னரே அமைந்தது. இது எவ்வாறு கூடிற்று என்பதே ஆராயத்தக்கது.

தமிழ் மரபில் ஒரு பெண் தன் விருப்பம்போல் ஊர் ஊராகச் செல்லவும், அரசவையில் பேசவும், ஆண்டவனோடு வாதிடவும் ஒரு வழி உண்டு. இளமையையும் அழகையும் கைவிடுதலே அவ்வழி. மணத்தை விலக்க வேண்டி, இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றார் என்பது ஔவையாரைப் பற்றிய கதை. கணவனால் தெய்வமெனக் கருதப்பட்டு விடப்பட்டபின், ஊனுடைய வனப்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் காரைக்கால் அம்மையார் என்பது பெரியபுராணம். மணிமேகலை துறவு பூண்டு அமுதசுரபி ஏந்தினாள். கவுந்தியடிகள் சமணத் துறவியாகக் கோவலன் கண்ணகியோடு மதுரைக்கு வழிநடந்தார். இவர்கள் எவரும் வீட்டுக்குள் அடைந்தவர் அல்லர். துறவே இவர்களுக்கு வழியைத் திறந்தது.

சுந்தராம்பாள் பின்னர் ஏற்ற வேடங்களின் வரிசையைப் பார்ப்பின், அவர் இம்மரபினுள் நுழைந்து தமக்கென ஓர் இடத்தைக் கண்டுகொண்டார் என்பது விளங்கும். வெண்ணிற ஆடை துக்கத்தின் அடையாளம் என்பது மெய். அது நடிகை என்ற இழிவுரையிலிருந்து அவரைக் காத்த கவசமாகவும், நினைத்த வேடத்தை மட்டும் ஏற்கும் உரிமையாகவும் பயன்பட்டது.

நந்தனாராக நின்ற பெண்

தமிழின் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. நான்காண்டுகளுக்குள் சுந்தராம்பாளைத் திரைக்குக் கொணரும் முயற்சி நிகழ்ந்தது. 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் அவர் நந்தனாராகவே நடித்தார். மாணிக்லால் டாண்டன் அதனை இயக்கினார். வேதியர் வேடம் ஏற்றவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆடவர் படத்தில் இருந்தனர். இணை நடிப்பு இல்லை. ஆண் வேடம் ஏற்றதால் உறுதி காக்கப்பட்டது. ராஜபார்ட் ஏற்றுப் பழகிய நாடகப் பயிற்சி இங்கே கைகொடுத்தது.

அப்படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். இந்தியத் திரையுலகில் அதுவரை எந்த நடிகரும் பெறாத தொகை என்று அது பேசப்பட்டது. புகைவண்டியில் காசுக்குப் பாடிய சிறுமி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள், ஆடவர் எவரும் பெறாத ஊதியத்தைத் தம் குரலுக்கு விலையாகப் பெற்றார். இதனைப் பேராசை என்று கொள்வதற்கில்லை. பசியின் அருமை அறிந்தவர் தம் உழைப்பின் அருமையையும் அறிந்திருந்தார்.

காலத்தையும் கருதல் வேண்டும். காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் பயணம் செய்தது 1933-34இல். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1939இல். இவ்விரண்டுக்கும் நடுவே, கோயில் வாயிலில் நின்று ஏங்கிய நந்தனாரின் கதை திரையில் வந்தது. ஒதுக்கப்பட்ட அடியாரின் ஏக்கத்தை, ஊரார் ஒதுக்கி வைத்த நடிகை மரபிலிருந்து வந்த ஒரு பெண் பாடினார்.

நாட்டு விடுதலைக்கும் அவர் குரல் பணி செய்தது. கிட்டப்பா வாழ்ந்த காலத்திலேயே தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் இருவரும் தேசியப் பாடல்களைப் பாடினர். அவர் பாடிய தேசிய இசைத்தட்டுகள் ஊர்தோறும் ஒலித்தன. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்காக மேடைதோறும் பாடினார். சொற்பொழிவைக் கேட்க வராதவரும் அவர் பாட்டைக் கேட்க வந்தனர். கட்சிக்கு அது தெரிந்தே இருந்தது.

1951இல் அவர் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்ட சபையில் இடம்பெற்று, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். பெண் பாடினால் இழிவு, ஆடினால் இழிவு என்ற நிலையை உண்டாக்கிய சமூகப் பழக்கத்தை எதிர்த்து அவர் பேசிய மன்றத்துக்கு, கால் நூற்றாண்டு கழித்து ஒரு நாடக நடிகை உறுப்பினராக வந்தார். பின்னாளில் நாடகத்தோடும் திரையோடும் தொடர்புடையோர் தமிழகத்தில் ஆட்சிப் பொறுப்பையே ஏற்றனர். சி. என். அண்ணாதுரை 1967இலும், மு. கருணாநிதி 1969இலும், எம். ஜி. இராமச்சந்திரன் 1977இலும் முதலமைச்சராயினர். அவர்கள் அனைவருக்கும் முன்னரே அவ்வாயிலைக் கடந்தவர் ஒரு பெண் என்பது மறக்கற்பாலதன்று.

ஔவையின் முகம்

1940இல் ‘மணிமேகலை’ வெளிவந்தது. அதன்பின் நீண்ட இடைவெளி. எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் பல ஆண்டு முயன்று உருவாக்கிய ‘ஔவையார்’ 1953 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளிவந்தது. கொத்தமங்கலம் சுப்பு அதனை இயக்கினார். ஔவையாராக நடித்த சுந்தராம்பாளுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு.

ஔவை என்னும் பெயருடையார் ஒருவர் அல்லர். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்கப் புலவர் வேறு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அருளியவர் வேறு. ஆராய்ச்சியாளர் பிரித்துக் காட்டும் இவ்வேறுபாட்டைப் படம் பொருட்படுத்தவில்லை. மக்கள் கதைகளில் வாழும் ஒரே ஔவையையே அது காட்டிற்று. வரலாற்று நோக்கில் இது குறையே. ஆனால் அப்படத்தின் விளைவை வரலாற்றாசிரியரும் மறுக்க இயலாது. அதுமுதல் தமிழ்ப் பிள்ளைகள் ஆத்திசூடி படிக்கும்போது மனக்கண்முன் தோன்றிய ஔவைக்குச் சுந்தராம்பாளின் முகமும் குரலும் அமைந்தன. கோல் ஊன்றிய நடை, வெண்ணிற ஆடை, திருநீறு, அரசனையும் இடித்துரைக்கும் குரல் ஆகிய யாவும் நடிப்புக்கென வரவழைத்தவை அல்ல. இருபது ஆண்டாக அவர் வாழ்ந்த கோலமே வேடமாயிற்று.

ஒப்புநோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நாடக மேடையில் ஔவையாராக நடித்து ‘ஔவை’ என்ற அடைமொழியையே பெற்றவர் டி. கே. சண்முகம், ஆடவர். திரையில் நந்தனாராக நடித்தவர் சுந்தராம்பாள், பெண். இருவரும் சிறுபிள்ளைகளாக மேடைக்கு வந்தவர்கள். வேடம் என்பது உடலைப் பொறுத்ததன்று, பயிற்சியைப் பொறுத்தது என்ற பழைய நாடக மேடையின் கொள்கைக்கு இவ்விருவரும் இறுதிச் சான்றுகள்.

கவுந்தியும் காரைக்கால் அம்மையாரும்

1964இல் ‘பூம்புகார்’ வெளிவந்தது. திரைக்கதையும் உரையாடலும் மு. கருணாநிதியுடையவை, இயக்கம் ப. நீலகண்டன். கவுந்தியடிகளாக நடித்தார் சுந்தராம்பாள். அவரோ காங்கிரசுக்காரர், சைவப் பற்றுடையவர். கதை எழுதியவரோ திராவிட இயக்கத்தவர், கடவுள் மறுப்பாளர். தெய்வத்தைக் குறை கூறுவது போன்ற ஓர் அடியைப் பாட அவர் மறுத்ததாகவும், அவ்வடி அவருக்காக மாற்றப்பட்டதாகவும் கூறுவர். கருத்து மாறுபட்டோர் ஒருவரையொருவர் மதித்துச் சிலப்பதிகாரத்துக்காக ஒன்றுபட்டனர் என்பதில் ஐயமில்லை. வேடத்தின் எல்லையை வகுத்துக்கொண்டவர் பாட்டின் எல்லையையும் தாமே வகுத்தார்.

ஏ. பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’ 1965இல் வெளிவந்தபோது, மாங்கனிக்காகச் சினந்து மலையேறிய முருகனை ஆற்றும் ஔவையாக மீண்டும் தோன்றினார். 1966இல் ‘மகாகவி காளிதாஸ்’, 1967இல் ‘கந்தன் கருணை’, 1969இல் ‘துணைவன்’ ஆகியவை தொடர்ந்தன. ‘துணைவன்’ படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. சென்னைத் தமிழிசைச் சங்கம் 1966இல் ‘இசைப் பேரறிஞர்’ பட்டம் அளித்தது. இந்திய அரசு 1970இல் ‘பத்மஸ்ரீ’ விருது வழங்கிற்று. 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் அம்மையாராக நடித்தார். இளமையை உதறிய அடியாரின் கதையோடு, இளமையில் துறவுக்கோலம் பூண்ட நடிகையின் திரைவாழ்வு பெரும்பாலும் நிறைவுற்றது. 1980இல் அவர் மறைந்தார்.

அளவறிந்து போற்றல்

சுந்தராம்பாளின் வாழ்வைக் கற்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அவருடைய அன்பின் உறுதியை எவரும் குறைத்துரைக்கவேண்டா. ஆயினும் அவ்வொன்றையே கூறினால், எட்டு ஒன்பது வயதில் வண்டியில் பாடி வீட்டுக்குச் சோறளித்த உழைப்பு மறைகிறது. ஒத்திகையின்றி மேடையேறித் தர்க்கத்தில் வென்ற அறிவு மறைகிறது. தம் ஊதியத்தைத் தாமே உறுதி செய்த துணிவு மறைகிறது. வேண்டாத வேடத்தையும் வேண்டாத அடியையும் மறுத்த உரிமையுணர்வும் மறைகிறது. கணவர் மறைவுக்குப்பின் நாற்பது ஆண்டுகள் அவர் ஆற்றிய பணி, மறைந்தவரின் நினைவுக்கு வெறும் பின்னுரையாகச் சுருங்கிவிடுகிறது.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. பசியால் மேடைக்கு வந்த சிறுமியர் அந்நாளில் அவர் ஒருவர் அல்லர். அவரைப் போன்றே பாடி, அவரைப் போன்றே ஊர் ஊராகச் சென்று, குரல் தளர்ந்ததும் மறக்கப்பட்டவர் பலர். அவர்களின் பெயர் இசைத்தட்டிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை. நாடகத் தமிழை எழுதப் படிக்க அறியாத மக்களிடம் கொண்டுசென்றவர்கள் அவர்களே. அவர்கள் பட்ட பாட்டை அளந்தறிய எஞ்சியிருக்கும் அளவுகோல், கொடுமுடிப் புகைவண்டியில் தொடங்கி, கொழும்பு மேடையையும் சென்னை மேலவையையும் கடந்து, காரைக்கால் அம்மையார் வேடம் வரை ஒலித்த அந்த ஒரு குரலே.

வள்ளி முதல் காரைக்கால் அம்மையார் வரை அவர் ஏற்ற வேடங்கள் பல. அவற்றுள் அவரை முதன்முதல் மக்களுக்கு அறிவித்தது, பசி தாளாமல் தாயிடம் அழும் ஒரு பிள்ளையின் வேடம். அப்பிள்ளையின் அழுகையைக் கேட்டுக் கண்ணீர் விட்ட தமிழுலகம், அக்குரலுக்குப் பின்னிருந்த சிறுமியின் உழைப்பையும் நினைவிற் கொள்ளுமாயின் அவர் வரலாறு அளவோடு எழுதப்பட்டதாகும்.